மூன்று வருடத் திட்டம்: பனியன் கம்பெனி நடத்துபவர்களுக்கு

திருப்பூரில் சிறிய, நடுத்தர பனியன் கம்பெனிகளுக்கு காஸ்டிங்கும் (அடக்க விலைக் கணக்கு) பேங்க் வேலையும் பார்த்துக் கொடுப்பது என் தொழில். வருடக் கடைசியில் முதலாளிகள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அடுத்த வருஷம் எப்படி இருக்கும், அம்மிணி?" எனக்குத் தெரியாது. நூல் வியாபாரிக்கும் தெரியாது, நம் சரக்கை வாங்கும் பையருக்கும் தெரியாது. ஆனால் அதற்குப் பதில் தெரியாமலேயே மூன்று வருடத்துக்குத் திட்டம் போட முடியும். நான் கம்பெனிகளோடு உட்கார்ந்து போடும் முறையை இங்கே எழுதுகிறேன். வேறு தொழில் செய்பவர்களும் எண்களை மட்டும் மாற்றிக்கொண்டு இதைச் செய்து பார்க்கலாம்.

முதலில் பழைய அடிகளை எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, கடந்த பதினைந்து வருடத்தில் தொழிலை உலுக்கிய விஷயங்களை வரிசையாக எழுதுங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் எழுதினால் பட்டியல் ஏறக்குறைய இப்படி வரும். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. சனிக்கிழமைச் சம்பளத்தை ரொக்கமாகவே கொடுத்துப் பழகிய ஊர் தவித்துப்போனது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி. 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2022 மே மாதம் ஒரு கண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஒன்றரை வருடத்துக்கு முன்பு அதில் பாதிகூட இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு முதலில் 25 சதவீதம், அதே மாதம் 27-ஆம் தேதியிலிருந்து மொத்தம் 50 சதவீதம் என்று கூடுதல் வரி போட்டது.

நான் கணக்குப் பார்த்த எந்தக் கம்பெனியின் பட்ஜெட்டிலும் இவை முன்கூட்டியே இருந்ததில்லை. இருந்தாலும், பட்டியலை இரண்டு முறை படித்தால் ஒன்று தெரியும். அடிகள் புதிதாக இருந்தாலும் அவை வரும் பக்கங்கள் பழையவைதான். வாங்குபவர் பக்கம், நூல் பக்கம், அரசாங்கமும் கோர்ட்டும், ஆள் பக்கம், பணம் வந்து சேரும் வழி. இந்த ஐந்துக்கு வெளியே ஒரு அடியை என்னால் யோசிக்க முடியவில்லை. அடுத்தது எப்போது, எந்தப் பெயரில் வரும் என்று சொல்ல முடியாது. எந்தெந்தப் பக்கமாக வரலாம் என்று இன்றைக்கே சொல்லிவிடலாம். திட்டம் போட இது போதும்.

ஒவ்வொரு அடிக்கும் பக்கத்தில் இன்னொரு வரியும் எழுதுங்கள்: அப்போது நம்மைக் காப்பாற்றியது எது? ஒரு கம்பெனியில் 2022-க்கு நேராக "மில்காரர் பதினைந்து நாள் கூடுதல் டைம் கொடுத்தார்" என்று எழுதினார்கள். அந்த மில்லுக்கு வருடக்கணக்காகச் சொன்ன தேதியில் பணம் கொடுத்து வந்ததன் பலன் அது. பேலன்ஸ் ஷீட்டில் வராத சொத்து. அடுத்த மூன்று வருடத்திலும் அதைக் காப்பாற்ற வேண்டும் என்று திட்டத்தில் எழுத வேண்டியதாயிற்று.

கையைக் கட்டும் முடிவுகளைத் தனியாகப் பிரியுங்கள்

நான் சொல்ல வருவதன் மையம் இதுதான். நீண்டகாலத் திட்டம் என்றதும் பலரும் விற்பனை இலக்கைத்தான் எழுதுகிறார்கள். இந்த வருடம் 24 கோடி, அடுத்த வருடம் 30, அதற்கடுத்து 40. இந்த எண்கள் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது, எந்த முடிவுகளில் மாட்டிக்கொள்கிறோம், எத்தனை வருடத்துக்கு மாட்டிக்கொள்கிறோம் என்பதுதான். ஆர்டர் குறைந்ததால் மட்டுமே மூடிய கம்பெனிகளை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆர்டர் குறைந்த நேரத்தில் விட முடியாத கடனும் விட முடியாத கட்டடமும் இருந்ததால் மூடியவைதான் அதிகம்.

அதனால் நோட்டின் அடுத்த பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள். என்ன எடுத்திருக்கிறோம், எதுவரை, வெளியே வர என்ன செலவு. ஒரு கம்பெனியின் பக்கம் இப்படி இருந்தது:

பிளாட்லாக் தையல் மெஷின் பன்னிரண்டு; லோன் 2028 மார்ச் வரை; விற்றால் பாதி விலை வரும்.
இரண்டாவது யூனிட் கட்டடம். ஒப்பந்தம் ஐந்து வருடம். மூன்று மாத நோட்டீஸ், அட்வான்ஸ் திரும்ப வரும்.
ஹாஸ்டல், சொந்தக் கட்டடம், விற்க ஆள் கிடைப்பது கஷ்டம்.
ஒரே அமெரிக்க பையர், விற்பனையில் 55 சதவீதம். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. அவர் போனால் மாற்று தேட ஒரு வருடமாவது ஆகும்.

கடைசி வரியைக் கவனியுங்கள். பையரைச் சார்ந்திருப்பதையும் ஒரு கடன் போலவே எழுத வேண்டும். அவர் நம்மிடம் எந்த உறுதியும் தரவில்லை. நாம்தான் அவருடைய ஸ்டைலுக்கு மெஷின் போட்டு, அவருடைய ஆடிட்டுக்கு ஹாஸ்டல் கட்டி மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

எதிலும் மாட்டாமல் தொழில் செய்ய முடியாது. சில விஷயங்களில் தெரிந்தே, ஆழமாகவே இறங்க வேண்டும். சாயக் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறைக்கு இந்த ஊர் பெரும் பணத்தைக் கொட்டியது. அன்றைக்கு அது கழுத்தை நெரித்த செலவு. இன்றைக்கு ஐரோப்பிய பையர் வந்தால் நாம் முதலில் காட்டுவதே அதைத்தான். ஆற்றை விஷமாக்கும் உரிமையை எந்தக் கோர்ட்டும் திருப்பித் தரப்போவதில்லை, அதனால் அந்த முதலீடு வீணாகும் வழியே இல்லை. நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் தேவைப்படும் விஷயத்தில் பத்து வருடத்துக்குப் பணம் போடலாம். ஒரு பையரின் ஒரு சீசனை நம்பி என்றால் வாடகைக்கு எடுங்கள், வெளியே கூலிக்குத் தைப்பவர்களிடம் ஜாப் ஒர்க் கொடுங்கள், பழைய மெஷின் வாங்குங்கள். பீஸுக்கு இரண்டு ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை. அந்த இரண்டு ரூபாய், வேண்டாம் என்று விலகும் உரிமைக்கான விலை.

மூச்சுக் கணக்கு

அடுத்து, அடி விழுந்தால் எத்தனை மாதம் தாங்குவோம் என்ற கணக்கு. இதை ஆடிட்டரிடம் விட்டுவிடாமல் முதலாளியே கையால் போட வேண்டும்.

கணக்குக்காக ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். மாதம் 2 கோடி விற்பனை. நூல், நிட்டிங், டையிங், பீஸ் ரேட், பேக்கிங் என்று சரக்கோடு கூடிக் குறையும் செலவெல்லாம் போக 16 சதவீதம் மிஞ்சுகிறது, 32 லட்சம். ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போகும் செலவு: ஸ்டாஃப் சம்பளம் 14 லட்சம், வாடகை 3, லோன் தவணை 6, கரண்ட் டிமாண்ட் சார்ஜும் மற்றதும் 2, ஆக 25 லட்சம். மாதம் 7 லட்சம் லாபம். கையிலும், பேங்க் கொடுத்து இன்னும் எடுக்காத ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) லிமிட்டிலும் சேர்த்து 60 லட்சம் இருக்கிறது.

55 சதவீத பையர் நின்றுவிட்டார் என்று வையுங்கள். விற்பனை 90 லட்சம், அதில் மிஞ்சுவது 14 லட்சத்து 40 ஆயிரம். மாதம் 10 லட்சத்து 60 ஆயிரம் துண்டு விழுகிறது. 60 லட்சத்தை அதால் வகுத்தால் ஐந்தரை மாதம் சொச்சம். இதுதான் உங்கள் மூச்சு. இப்போது மாதம் 4 லட்சம் தவணையில் புது மெஷின் வாங்குவதாக வைத்து மறுபடி போடுங்கள். துண்டு 14 லட்சத்து 60 ஆயிரம். மூச்சு நான்கு மாதத்துக்குச் சற்று மேல். அந்த மெஷின் வாங்கும்போதே ஒன்றரை மாத மூச்சையும் சேர்த்து விலையாகக் கொடுக்கிறோம். கொட்டேஷனில் அது வராது. வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த விலையையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இதோடு கணக்கு முடியவில்லை. ஆர்டர் நின்றதைவிடப் பணம் நிற்பதுதான் சீக்கிரம் ஆளைச் சாய்க்கும். 2023 கடைசியிலிருந்து செங்கடல் வழியில் தாக்குதல்கள் நடந்ததால் ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. நம் உதாரணக் கம்பெனியின் மீதி 90 லட்சம் ஐரோப்பாவுக்குப் போகிறது, சரக்கு போய்ச் சேர்ந்த பிறகுதான் பணம் என்றால், பத்து நாள் தாமதம் என்பது 30 லட்சம் கடலில் நிற்பதற்குச் சமம். 60 லட்சத்தில் பாதி. அதே நேரத்தில், சரக்கு தயாரிக்க வாங்கிய பேக்கிங் கிரெடிட் கடனுக்கு பேங்க் கொடுத்த தேதி மட்டும் நகராது. அதனால் மூச்சுக் கணக்கை இரண்டு முறை போடுங்கள்: விற்பனை குறைந்தால் ஒன்று, விற்பனை அப்படியே இருந்து பணம் 30 நாள் தள்ளிப்போனால் இன்னொன்று. பல கம்பெனிகளுக்கு இரண்டாவதுதான் சின்ன எண்ணாக வருகிறது.

என் அனுபவத்தில் ஆறு மாதத்துக்குக் கீழே இருப்பவர்கள் புதிதாக எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது. முதல் வருடத் திட்டமே ஆறு மாதத்தை எட்டுவதாக இருக்கட்டும்.

மூன்று கதை எழுதுங்கள்

1970-களின் தொடக்கத்தில் ஷெல் எண்ணெய் கம்பெனியில் பியர் வாக் என்பவரும் அவருடைய குழுவும் ஒரு வேலை செய்தார்கள். எண்ணெய் விலை என்னவாகும் என்று ஒரே எண்ணைச் சொல்வதை விட்டுவிட்டு, எதிர்காலம் எப்படியெல்லாம் போகலாம் என்று சில கதைகளை எழுதி மேலாளர்கள் முன் வைத்தார்கள். எண்ணெய் உற்பத்தி நாடுகள் சப்ளையை இறுக்கிப் பிடிப்பது அதில் ஒரு கதை. 1973-இல் அது நிஜமானபோது ஷெல் அதை ஏற்கெனவே யோசித்துப் பார்த்திருந்தது. இதைச் செய்ய பெரிய கம்பெனியாக இருக்க வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

நல்லது, சுமார், மோசம் என்று மூன்றாகப் பிரிக்காதீர்கள். அப்படிப் பிரித்தால் எல்லோரும் நடுவில் இருப்பதை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். கதைகள் தன்மையிலேயே வேறாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு: அமெரிக்க வரி மூன்று வருடத்துக்கு மாறி மாறி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. பிரிட்டனோடு 2025 ஜூலையில் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தால் அந்தப் பக்கம் ஆர்டர் குவிகிறது, ஆனால் தைக்க ஆள் இல்லை. பையர்கள் காட்டன் டி-ஷர்ட்டைக் குறைத்துக்கொண்டு பாலியஸ்டர் விளையாட்டு உடைக்கு மாறுகிறார்கள். இரண்டாவது கதை நல்ல செய்தி போலத்தான் இருக்கிறது. ஆர்டர் நிறைந்த வருடத்தில் ஷிப்மெண்ட் தவறி, விமானத்தில் சரக்கு அனுப்பியே நஷ்டப்பட்டவர்கள் உண்டு. நல்ல காலத்துக்கும் திட்டம் வேண்டும்.

யார் யார் உட்கார வேண்டும் என்பது முக்கியம். முதலாளியும் மகனும், பையரோடு ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசரும் மட்டும் பேசினால் எல்லாக் கதையும் பையரைப் பற்றியே இருக்கும். கட்டிங் மாஸ்டரைக் கூப்பிடுங்கள், செக்கிங்கில் இருக்கும் அக்காவைக் கூப்பிடுங்கள். ஒரு கம்பெனியில் ஒரு மணி நேரம் வரியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். செக்கிங் சூப்பர்வைசர் அக்கா கடைசியில் கேட்டார்: "ஏனுங்க சார், ஒடிசாப் பிள்ளைங்க ஊர்லயே கம்பெனி வருதுன்னு பேசிக்கிறாங்க. அவங்க லீவுக்குப் போய்ட்டு வரலீன்னா என்ன பண்றதுங்க?" யாரும் பேசவில்லை. லைனில் பாதிக்கு மேல் அந்தப் பிள்ளைகள்தான். முதலாளி நோட்டைத் திருப்பி, போட்டிருந்த ஒரு கதையை அடித்துவிட்டு இதை எழுதினார். தையல் யூனிட்டை ஆள் இருக்கும் பக்கம் கொண்டுபோவதா என்ற பேச்சு அன்றைக்குத்தான் அந்தக் கம்பெனியில் தொடங்கியது.

கதைகள் எழுதியானதும், போன பக்கத்தில் பட்டியல் போட்ட ஒவ்வொன்றையும் மூன்று கதையிலும் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் பயன்படுவது எது, ஒன்றில் மட்டும் பயன்படுவது எது? ஆபரேட்டர்களுக்கு இரண்டு மெஷின் பழக்கிவிடுவது மூன்றிலும் உதவும், தயங்காமல் செய்யுங்கள். ஒரு கதையில் மட்டும் உதவும் முடிவு என்றால் சின்னதாகத் தொடங்குங்கள்.

எப்போது என்ன செய்வோம் என்று முன்பே எழுதுங்கள்

அடி விழும் நேரத்தில் மனசு வேறு மாதிரி பேசும். "இன்னும் பத்து நாள் பார்ப்போம்" என்று ஆரம்பித்து மூன்று மாதம் போய்விடும். அதனால் நிதானமாக இருக்கும்போதே எண்ணோடு எழுதி, பங்குதாரர்கள் கையெழுத்துப் போடுங்கள். ஒரு பையரின் பணம் சொன்ன தேதிக்குமேல் 15 நாள் தாமதமானால், அவருக்கு அடுத்த ஆர்டருக்குத் துணி வெட்டுவதில்லை. நூல் விலை ஆர்டர் எடுத்த நாளிலிருந்து கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினால், புது விலை பேசாமல் அதே ஸ்டைலின் ரிப்பீட் ஆர்டர் எடுப்பதில்லை. மூச்சு நான்கு மாதத்துக்குக் கீழே போனால் இரண்டாவது யூனிட்டுக்கு நோட்டீஸ். எண்கள் உங்களுடையதாக இருக்கட்டும். ஐந்தாறு வரிக்குமேல் வேண்டாம். அதற்கு மேல் எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

சின்னச் சோதனைகள், கொஞ்சம் பாதுகாப்பு

வருடத்துக்கு ஒன்றிரண்டு சோதனைக்கு இடம் ஒதுக்குங்கள். ஒரு லைன், ஒரு சீசன், தோற்றாலும் அரை மாத மூச்சுக்குமேல் போகாத அளவு. ஐக்கிய அரபு அமீரகத்தோடு வர்த்தக ஒப்பந்தம் 2022 மே 1 முதலும், ஆஸ்திரேலியாவோடு அதே வருடம் டிசம்பர் 29 முதலும் நடைமுறையில் இருக்கின்றன. அங்கே ஒரு சின்ன பையரைப் பிடித்து ஒரு ஷிப்மெண்ட் அனுப்பிப் பார்த்தாலே பேப்பர் வேலை, அளவு, பேக்கிங் எல்லாம் கைக்கு வந்துவிடும். பாலியஸ்டரும் அப்படித்தான்: முதலில் துணி வாங்கித் தைத்துப் பழகுங்கள், நிட்டிங் மெஷின் பிறகு.

பாதுகாப்புகளில் எக்ஸ்போர்ட்டர்களுக்கு இசிஜிசி என்ற அரசு நிறுவனத்தின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டுப் பாலிசி எடுக்கச் சொல்வேன். பையர் திவாலானாலோ பணம் தராவிட்டாலோ அது கை கொடுக்கும். ஆனால் சரக்கு தரமில்லை என்று பையர் தகராறு செய்தால் சாதாரணமாகக் கிடைக்காது, அதனால் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டையும் மெயில்களையும் பத்திரமாக வையுங்கள். டாலருக்கு ஃபார்வர்டு போடுபவர்கள், அதாவது பின்னால் வரும் டாலருக்கு இன்றைக்கே பேங்கோடு விலை பேசி வைப்பவர்கள், கையில் கன்ஃபர்ம் ஆன ஆர்டருக்கு மட்டும், அதிலும் பாதிக்கு மட்டும் போடுங்கள். 2013 மே மாதம் 55 ரூபாய் பக்கம் இருந்த டாலர் ஆகஸ்ட் கடைசியில் 68-ஐத் தாண்டியது. அப்படி நகரும் ஒன்றை ஊகித்துச் சம்பாதிப்பது நம் தொழில் இல்லை.

இன்னொன்றும் மனசில் இருக்கிறது. பணம் இறுகும்போது பெரும்பாலான கம்பெனிகள் முதலில் நிறுத்துவது ஜாப் ஒர்க்காரர்களின் பில்லைத்தான். பவர் டேபிள், அதாவது கூலிக்குத் தைக்கும் சின்ன யூனிட், வைத்திருப்பவருக்கு நம்மில் பாதி மூச்சுகூட இருக்காது. குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. 2023-24 நிதியாண்டிலிருந்து, அந்தத் தேதியைத் தாண்டினால் பணம் கொடுக்கும் வருடம்வரை அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்கவும் முடியாது. சட்டத்தை விடுங்கள். அவர் மூடிவிட்டால், ஆர்டர் திரும்ப வரும்போது தைக்க ஆள் இருக்காது. மூச்சுக் கணக்கில் அவருடைய பில்லையும் லோன் தவணைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள், கடைசி வரியில் தள்ளாதீர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த நோட்டை எடுத்து அரை நாள் உட்காருங்கள். மூச்சு எத்தனை மாதம், எந்தக் கதை பக்கம் உலகம் நகர்கிறது, மாட்டிக்கொண்ட முடிவுகளில் எது முடிகிறது, எது புதிதாகச் சேர்ந்தது. வருடத்துக்கு ஒருமுறை கதைகளையே மாற்றி எழுதுங்கள்.

அப்புறம், ஆர்டர் நிறைந்து லைன் எல்லாம் ஓடும் மாதத்தில் நோட்டின் பிரதியை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போய் லிமிட்டை உயர்த்தக் கேளுங்கள். தேவையில்லாத நேரத்தில் எதற்கு என்று தோன்றும். பேங்க் மேனேஜர் கொடுக்கக்கூடிய நிலையில் இருப்பது அந்த மாதத்தில்தான். ஷிப்மெண்ட் நின்ற பிறகு அதே மேனேஜர் கூடுதல் செக்யூரிட்டி கேட்பார். லிமிட் கிடைத்ததும் எடுத்துச் செலவு செய்யாமல் அப்படியே விட்டு, மூச்சுக் கணக்கில் மட்டும் புது எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.